என்னைப் பதில் தலைவர் என்று கூப்பிடாதீர்கள்

லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டு முன்னறையில் வெள்ளிக்கிழமை தோறும் அமெரிக்காவுக்கு ஒரு ஜனாதிபதி தெரிவாவார். தேர்தல் இருக்கிற வருடம், இல்லாத வருடம் என்ற பேதமெல்லாம் கிடையாது. கூடுகிறவர்கள் நாலைந்து பேர். என் கணவர் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் சங்கத்துக்குச் செயலாளர். அந்தச் சங்கத்தின் தலைவரும் வருவார். தலைவரின் மச்சான் விமான நிலையத்தில் ஷிப்ட் முடித்து ஹவுன்ஸ்லோவிலிருந்து லண்டனைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வந்து சேருவார். மற்ற ஓரிருவர் வீட்டு வேலைக்குத் தப்பி வருகிறவர்கள். விஸ்கொன்சினில் எந்த மாவட்டம் எந்தப் பக்கம் சாயும் என்று அவர்களுக்குத் தெரியும். தங்கள் வார்டு கவுன்சிலர் ஆர் என்று கேட்டால் ஆளை ஆள் பார்ப்பார்கள்.

நான் அந்தப் பள்ளியில் படிப்பிக்கிறேன். வாரநாட்களில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை. வெள்ளிக்கிழமை மாலைகளில் இந்த அமெரிக்க வல்லுநர்களுக்கு ரோல்ஸ் பொரிப்பது என் மூன்றாவது உத்தியோகம். எண்ணெய் காய்கிற நேரத்தில் என் கணவர் குசினிக்குள் வந்து எனக்கும் கொஞ்சம் அறிவு புகட்டிவிட்டுப் போவார்.

"சனம் ஜனாதிபதிக்கு நேர போடுறதில்லை, விளங்குதோ? ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தெரிவாளர் எண்டு இருக்கினம். மொத்தம் ஐந்நூற்று முப்பத்தெட்டு. அதில இருநூற்று எழுபது எடுத்தவர்தான் ஜனாதிபதி. நாடு முழுக்கக் கூட வாக்கெடுத்தவரும் தோற்கலாம்."

"அது நீதியோ?"

"நீதியோ இல்லையோ, ஒரு முறை இருக்கு. முறைப்படி நடக்குது. அதுதான் முக்கியம்."

அந்த 'முறை' என்ற சொல்லை அவர் சொல்லும்போது குரல் கோயிலுக்குள் நிற்கிற மாதிரி தணியும். உண்மையைச் சொன்னால், அவருடைய அந்தக் குணம் எனக்குப் பிடிக்கும். பிடித்ததனால்தான் பின்னால் அவ்வளவு கோபமும் வந்தது.

அமெரிக்காவில் மூன்றாம் தவணைக்கும் ஒருவர் நிற்கலாமா என்ற பேச்சு செய்திகளில் அடிபட்டபோது எங்கள் முன்னறை கொதித்தது. எல்லாரிலும் பார்க்கக் கொதித்தவர் எங்கள் சங்கத் தலைவர். "முதலாவது ஜனாதிபதி ரெண்டு தரம் இருந்திட்டுத் தானா இறங்கிப் போனவர். ஆரும் சட்டம் போட்டு இறக்கேல்லை. பிறகு ஒருத்தர் நாலு தரம் வெண்டு பதவியிலேயே செத்துப்போனார். அதுக்குப் பிறகுதான் ரெண்டு தரத்துக்கு மேல தெரிவாக ஏலாது எண்டு அரசியல் யாப்பில எழுதினவை. கதிரையில இருந்தவன் இறங்கத் தெரிஞ்சிருக்கோணும், இல்லாட்டி என்ன சனநாயகம்?" என்று என்னுடைய ரோல்ஸைக் கையில் பிடித்தபடி அவர் முழங்கினார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அவர் எங்கள் சங்கத்துக்குத் தலைவரானது என் மூத்த மகள் பாலர் வகுப்பில் அ, ஆ எழுதத் தொடங்கிய வருடம். இப்போது அவளுடைய மகன் அதே பாலர் வகுப்பில் அ, ஆ எழுதுகிறான். தட்டோடு கதவடியில் நின்ற நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு குசினிக்குத் திரும்பினேன். அந்த அறையில் வேறு ஒருவருக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது.

எங்கள் தேர்தல் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேவாலய மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பொதுக்கூட்டம் வைப்போம். கணக்கறிக்கை வாசித்து முடிய, செயலாளர் எழும்பி, "பழைய தலைவரே தொடரவேணும் எண்டு முன்மொழியிறன்" என்பார். பின்வரிசையில் ஒரு குரல் "வழிமொழியிறன்" என்று சொல்லும். சொல்லி வாய் மூடமுதல் கைதட்டல் தொடங்கிவிடும். அவ்வளவுதான். ஏகமனதான தெரிவு. வேறு ஆரும் நிற்கிறார்களா என்று கேட்பதே கிடையாது, ஏனென்றால் நிற்பது அந்த மனிதரை அவமதிக்கிறதாம். போட்டி வந்தால் சங்கம் உடைந்துவிடுமாம். லண்டனில் உடைந்த சங்கங்களின் கதை எங்கள் எல்லாரிடமும் உண்டு. அந்தப் பயத்தைக் காட்டியே இந்தக் கைதட்டல் இவ்வளவு காலம் ஓடியது.

நான் உபதலைவர். பெண்களுக்கும் இடம் கொடுக்கவேண்டும் என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வர, என் பெயரைப் போட்டுக் கைதட்டினார்கள். உபதலைவரின் வேலை குத்துவிளக்கேற்றுவது, பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துவது, கடைசியில் எல்லாரும் கதிரைகளை அடுக்குகிற சத்தத்துக்குள் நன்றியுரை சொல்வது. சங்க யாப்பில் எனக்கென்று ஒரு வரி உண்டு. தலைவர் இல்லாதபோது உபதலைவர் அவருடைய கடமைகளைச் செய்வார். அந்த வரி எல்லாருக்கும் தெரியும். அது நடக்கிற நாள் வரும் என்று மட்டும் ஒருவரும் நினைக்கவில்லை.

வந்தது. தலைவரின் மகளுக்கு ரொறன்ரோவில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. அவரும் மனைவியும் அங்கேயே போய் இருக்க முடிவெடுத்தார்கள். வீட்டையும் விற்றாகிவிட்டது. எங்கள் முன்னறையில் நிர்வாகசபை கூடியது. விலகல் சொல்லப்போகிறார், நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவோம் என்று நானும் மனதுக்குள் ஒரு பேச்சைத் தயார்பண்ணிக்கொண்டு இருந்தேன்.

"நான் விலகேல்லை," என்றார். "ஸூமில இருந்து பாக்கிறன். அஞ்சு மணித்தியால வித்தியாசம்தானே. நேர நிண்டு பாக்கிற அலுவலுகளை ரீச்சர் எனக்குப் பதிலா, பதில் தலைவரா இருந்து பாக்கட்டும். அடுத்த பொதுக்கூட்டத்தில மச்சான் எடுப்பார்."

எல்லாரும் தலையாட்டினார்கள். என் கணவர் குறிப்பெழுதினார். மச்சான் அடக்கமாக நிலத்தைப் பார்த்தார். என்னை ஒருவரும் பார்க்கவில்லை.

"அண்ணை," என்றேன், "அமெரிக்க ஜனாதிபதி கனடாவுக்குக் குடிபெயர்ந்தால் பதவியையும் சூட்கேசில வைச்சுக்கொண்டு போவாரோ?"

பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் சிரிக்காததைக் கண்டு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"இது வெள்ளை மாளிகையே ரீச்சர்? நாலு வகுப்பு நடக்கிற பள்ளிக்கூடம்," என்றார் மச்சான்.

"நாலு வகுப்பெண்டால் முறை தேவையில்லையோ? ஆள் போனால் கதிரை வெறுமை. கதிரை வெறுமையெண்டால் உபதலைவர் தலைவர். பதில் தலைவர் இல்லை, தலைவர். பத்தாவது ஜனாதிபதியின்ர கதையை எனக்குச் சொன்னது உங்கட செயலாளர்தான். கேட்டுப் பாருங்கோ."

என் கணவரின் பேனா நின்றது. அந்தக் கதையை அவர் எனக்கு ரோல்ஸ் பொரிக்கும்போதுதான் சொல்லியிருந்தார். ஒன்பதாவது ஜனாதிபதி பதவியேற்று ஒரு மாதத்தில் இறந்துபோனார். அதற்குமுன் அப்படி நடந்ததில்லை. உபஜனாதிபதிக்கு வருவது வேலை மட்டுமா, பதவியுமா என்று யாப்பில் தெளிவில்லை. பதில் ஜனாதிபதியாக இருந்து பார்த்துக்கொள் என்றார்கள். அந்த மனிதர் மறுத்துவிட்டார். சத்தியப்பிரமாணம் எடுத்து, நான்தான் ஜனாதிபதி என்று உட்கார்ந்துவிட்டார். 'பதில் ஜனாதிபதி' என்று விலாசமிட்டு வந்த கடிதங்களை உடைக்காமலே திருப்பி அனுப்பினார். அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் அதுவே வழக்கமாகி, கனகாலத்துக்குப் பிறகு யாப்பிலும் ஏறியது.

"கதை சரி," என்றார் என் கணவர், குறிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனால் அது அங்கை."

அங்கையாம். இவ்வளவு காலமும் அங்கேயே குடியிருந்தவர்கள் ஒரு நொடியில் லண்டனுக்கு வந்து இறங்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை எனக்கு ஒரு ஈமெயில். 'பதில் தலைவர் அவர்கட்கு' என்று தொடங்கி, பரிசளிப்பு விழா மண்டபம் பற்றி முடிவு கேட்டிருந்தது. அனுப்பியவர் செயலாளர். அவர் மேசைக்கு அந்தப் பக்கம் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டு இருந்தார். நான் அப்படியே திருப்பி அனுப்பினேன். அவருடைய போன் கிணுங்கியது. பார்த்தார்.

"என்னப்பா இது, ஒண்டும் எழுதாமல் திரும்பி வந்திருக்கு?"

"அப்பிடி ஒரு ஆள் இந்த வீட்டில இல்லை."

"உமக்கு விசரே? மண்டபத்துக்கு இண்டைக்குப் பதில் சொல்லோணும்."

"தலைவர் அவர்கட்கு எண்டு எழுதுங்கோ. உடன சொல்லுறன்."

"நான் அப்பிடி எழுதினால் அந்த மனுசன் என்ன நினைக்கும்? வந்த புதுசில எங்களுக்கு அறை தந்த மனுசனப்பா."

அது உண்மை. நாங்கள் லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் தலைவர்தான் தன் வீட்டு மேல் அறையைத் தந்தார். அந்த நன்றியை நானும் மறக்கவில்லை. ஆனால் நன்றிக்கு விலையாகக் கதிரையையே எழுதிக்கொடுக்கச் சொன்னால் அது எந்த ஊர் நியாயம்? இதை அவரிடம் சொன்னேன். அவர் பாணைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். அதன்பிறகு வாரக்கணக்காக எங்கள் வீட்டுக்குள் ஈமெயில்கள் வந்தன, திரும்பிப் போயின. மற்றப்படி கதைத்தோம். பால் முடிந்ததையும் பேரனின் காய்ச்சலையும் கதைத்தோம். சங்கத்தைப் பற்றிய வேலை மட்டும் எழுத்தில் நடந்தது. ஒருமுறை அவர் 'அன்புடையீர்' என்று மட்டும் போட்டு அனுப்பிப் பார்த்தார். அதையும் திருப்பினேன். கடைசியில் மண்டபத்தை அவரே பதிவுசெய்தார்.

பரிசளிப்பு விழா வந்தது. மண்டபத்துக்குள் நுழைந்ததும் மேடையைப் பார்த்தேன். மேடை நடுவில் தலைவரின் கதிரை. கதிரையில் இரண்டு சின்ன மெத்தை அடுக்கி, அதன்மேல் ஒரு லப்டொப். திரையில் ரொறன்ரோ முன்னறையில் கோட் போட்டுக்கொண்டு தலைவர். மச்சான் ஓடிவந்து ஒரு பொன்னாடையை என் கையில் வைத்தார்.

"ரீச்சர், விளக்கேத்தின உடன இதைத் தலைவருக்குப் போர்த்திவிடுங்கோ."

"லப்டொப்புக்கோ?"

"அவருக்குத்தானே ரீச்சர். ஒரு மரியாதைக்கு."

பிள்ளைகள் எல்லாரும் மேடையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகள். இவர்களுக்கு நான் என்ன படிப்பிக்கிறேன், கணினிக்குப் பட்டுப் போர்த்துவதையா? என் வாழ்க்கையில் அவ்வளவு ஆத்திரம் எனக்கு வந்ததில்லை. விளக்கை ஏற்றினேன். கதிரையடிக்குப் போய் லப்டொப்பை இரண்டு கையாலும் தூக்கி, பக்கத்து மேசையில் வைத்தேன். மெத்தைகளை எடுத்து ஓரமாகப் போட்டேன். கதிரையில் உட்கார்ந்தேன்.

மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ரீச்சர், எனக்குக் கூரைதான் தெரியுது."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் எழும்பித் திரையைச் சரியாக நிமிர்த்தி, சபை தெரிகிற மாதிரி வைத்துவிட்டு, "வணக்கம் அண்ணை. இருந்து பாருங்கோ," என்று சொல்லி மறுபடி கதிரையில் இருந்தேன். தலைமையுரையை நான்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "அந்த மனுசனைச் சபையில அவமானப்படுத்திப் போட்டீர்," என்றார்.

"என்னை இவ்வளவு காலம் விளக்குத்திரி மாதிரி வைச்சிருந்தது அவமானமாத் தெரியேல்லையோ உங்களுக்கு? லப்டொப்புக்கு இருக்கிற மரியாதை எனக்கில்லையோ?"

அழுகை வந்துவிட்டது. கவலையில் வந்ததல்ல, ஆத்திரத்தில் வந்தது. அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார். அழும்போது ஆறுதல் சொல்லவந்தால் இன்னும் ஏறும் என்று அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, "பொதுக்கூட்டத்தில மச்சானைத்தான் நான் முன்மொழியோணும். வாக்குக் குடுத்திட்டன்," என்றார்.

"குடுத்த வாக்கைக் காப்பாத்துங்கோ. நானும் நிக்கிறன்."

"நிண்டால் தோப்பீர். சனம் சண்டையை விரும்பாது."

"தோற்கிறதெண்டால் எண்ணித் தோற்கிறன். கைதட்டித் தோற்கமாட்டன்."

பொதுக்கூட்ட நாள் மண்டபத்தில் வழமையைவிடச் சனம். செய்தி பரவிவிட்டது. லப்டொப் இந்தமுறை மேசையில்தான் இருந்தது. கணக்கறிக்கை முடிந்தது. என் கணவர் எழும்பினார். என் பக்கம் பார்க்காமல் மச்சானின் பெயரைச் சொல்லி முன்மொழிந்தார். பின்வரிசைக் குரல் வழிமொழிந்தது. கைகள் தட்டுவதற்காக விரிந்தன.

"ஒரு நிமிஷம்!"

எழுந்து நின்றவர் சேலத்திலிருந்து வந்து இங்கே கணினித் துறையில் வேலைசெய்கிற ஒரு தாய். அவருடைய மகள் என் வகுப்பில் படிக்கிறாள். எங்கள் வழக்கம் அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. அதுவே நல்லதாகப் போயிற்று.

"வேற யாராவது நிக்கறாங்களான்னு கேக்க வேண்டாமா?"

"அப்பிடி ஒரு வழக்கம் இஞ்சை இல்லைத் தங்கச்சி," என்றார் மச்சான்.

"ஆமா, அதான் கேக்கறேன். நான் டீச்சரை முன்மொழியறேன்."

விரிந்த கைகள் அப்படியே மடியில் விழுந்தன. வழிமொழிய ஒரு ஆள் வேண்டும். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இத்தனை வருடம் என்னோடு கதிரை அடுக்கியவர்கள், என் வீட்டில் சாப்பிட்டவர்கள் எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்போது தேநீர் ஊற்றுகிற யன்னலுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், "நான் வழிமொழியிறன். கெதியா நடத்துங்கோ, ரீ ஆறுது," என்றது.

லப்டொப் பேசியது. "செயலாளர், உங்கை என்ன நடக்குது? ஏகமனதாத்தானே எங்கட வழக்கம்?"

என் கணவர் லப்டொப்பையும் சபையையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த ஒரு கணத்தில் எல்லாமே அவர் கையில்தான் இருந்தது. கூட்டத்தை ஒத்திவைத்திருக்கலாம். சத்தத்துக்குள் கைதட்ட வைத்திருக்கலாம். குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

"ரெண்டு பேர் நிக்கினம் அண்ணை. வாக்கெடுக்கத்தான் வேணும். அதுதான் முறை."

மச்சானுக்கு ஆதரவானவர்கள் கை உயர்த்தலாம் என்றார். முதல் உயர்ந்த கை அவருடையது. இடது கையை நேராக மேலே பிடித்துக்கொண்டு, வலது கை விரலால் மற்றவர்களை எண்ணினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நெஞ்சுக்குள் என்ன செய்தது என்று சொல்லத் தெரியவில்லை. வலித்தது. அது தெரியும்.

பிறகு என் பெயர். முதலில் பெண்கள். பிறகு இளம் தகப்பன்மார். பிறகு, நான் எதிர்பார்க்காத சில நரைத்த தலைகள். அவர் ஒருமுறை எண்ணினார். இன்னொருமுறை எண்ணினார். சில கைகள்தான் வித்தியாசம். என் பெயரை அறிவித்தபோது அவர் குரலில் ஒரு குறையும் இல்லை. மச்சான் வந்து கைகொடுத்தார், முகத்தை வேறெங்கோ வைத்துக்கொண்டு. ரொறன்ரோத் திரை கறுத்துப் போயிருந்தது.

கதிரையில் உட்கார்ந்ததும் நான் வைத்த முதல் பிரேரணை, ஒருவர் இரண்டு தவணைக்கு மேல் தலைவராக இருக்க ஏலாது என்பது. எனக்கு வாக்குப் போட்டவர்களே எதிர்த்தார்கள். "உங்களுக்கு ஏன் ரீச்சர் அது? நீங்கள் விரும்பினமட்டும் இருங்கோ," என்றார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. இப்படித்தானே அந்த மனிதரையும் இருக்கவைத்தீர்கள் என்று கத்தினேன். தலைவராகி ஐந்து நிமிடம் ஆகவில்லை, சபையில் கத்தியாகிவிட்டது. பிரேரணை நிறைவேறியது. அதற்கு உயர்ந்த கைகளில் என் கணவருடையதும் ஒன்று.

கூட்டத்துக்கு வடை கொண்டுபோன வெறும் தாச்சிச் சட்டியின் ஒரு காதை அவரும் மறு காதை நானும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. தெருமுனையில் அவர் கை மாற்றிப் பிடித்தார்.

"நான் ஆருக்குப் போட்டனான் எண்டு கேட்கேல்லையோ?" என்றார்.

"கண்ணால கண்டதை ஏன் கேட்பான்?"

"அண்ணையின்ர மச்சானுக்கு வாக்குக் குடுத்தனான். அந்த மனுசன் எங்களுக்கு அறை தந்தது."

"அறை தந்தவருக்குக் கையைக் குடுத்திட்டியள். உங்களோட அந்த அறையில குளிருக்குள்ள கிடந்தவளுக்கு என்ன குடுத்தனீங்கள்?"

தாச்சி அவர் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. நான் நிமிர்த்திப் பிடித்தேன்.

"கோவமோ?"

"ஓம், கோவம்தான். இண்டைக்குத் தீராது. கேளுங்கோ, நான் இன்னும் ஒரேயொரு தரம்தான் நிக்கலாம். அந்த ஒரு தரத்துக்குள்ள உங்கட கை எனக்கு உயரோணும். உயராட்டிலும் நான் வெல்லுவன். ஆனால் எண்ணேக்க உங்கட கையையும் சேர்த்து எண்ணத்தான் எனக்கு ஆசை."